அன்றே உண்ண வேண்டிய பலி

பழைய ஏற்பாட்டின் மூன்றாம் நூலாகிய லேவியராகமம், இஸ்ரயேலர் செலுத்த வேண்டிய பலிகளை வகைப்படுத்தும்போது, ஏழாம் அதிகாரத்தில் ஸ்தோத்திர பலிக்கு, அதாவது நன்றி செலுத்துவதற்காகப் படைக்கப்படும் பலிக்கு, மற்றவற்றுக்கு இல்லாத ஒரு விதியை வகுக்கிறது. நேர்ந்துகொண்டதை நிறைவேற்றவோ மனவுவப்பினாலோ ஒருவர் படைக்கும் சமாதான பலியின் இறைச்சியைப் படைத்த நாளிலும் மறுநாளிலும் உண்ணலாம். மூன்றாம் நாள்வரை மிஞ்சியதை மட்டும் சுட்டெரிக்க வேண்டும். நன்றிக்காகப் படைக்கப்பட்டதையோ அன்றைக்கே உண்டு தீர்த்துவிட வேண்டும்; விடியும்வரை அதில் ஒன்றையும் மீதி வைக்கலாகாது. இறைச்சியோடு எண்ணெயில் பிசைந்த அதிரசமும், எண்ணெய் பூசிய அடையும், வறுத்த மாவுப் பண்டமும், புளித்த மாவினால் சுட்ட அப்பமும் சேர்த்துக் கொண்டுவரப்பட வேண்டும் என்பதும் அங்கேயே சொல்லப்படுகிறது.

இவ்விதிக்குரிய காரணத்தை அந்நூல் கூறவில்லை. யூத சமயச் சட்டங்கள் கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்டு உருவான மிஷ்னா என்னும் நூல், இப்பலியோடு வரும் அப்பங்கள் வகைக்குப் பத்தாக நாற்பது என்றும், அவற்றுள் வகைக்கு ஒன்றாக நான்கு ஆசாரியருக்குப் போக, எஞ்சிய முப்பத்தாறும் படைத்தவருக்கே திரும்பும் என்றும் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஓர் ஆட்டின் இறைச்சியில் ஆசாரியருக்குரிய மார்க்கண்டமும் வலது முன்னந்தொடையும் கழிந்தாலும், மீந்த இறைச்சியையும் முப்பத்தாறு அப்பங்களையும் ஒரு குடும்பம் ஒரே நாளில் உண்டு தீர்ப்பது இயலாத காரியம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வொலோழின் என்னும் ஊரில் புகழ்பெற்ற யூதக் கல்விச்சாலையை நடத்திய நப்தாலி ஸ்வி யெகூதா பெர்லின் (1816–1893), உணவு மிகுதியாகவும் காலம் குறைவாகவும் வைக்கப்பட்டதன் நோக்கமே இதுதான் என்று விளக்கினார்: படைத்தவர் உற்றாரையும் அயலாரையும் அழைத்தே தீர வேண்டும், அழைக்கப்பட்டவர் விருந்துக்குக் காரணம் கேட்பர், கேட்டவருக்குத் தாம் பிழைத்த கதையை அவர் சொல்வார். இந்த விளக்கத்தின்படி நன்றி என்பது உள்ளத்தில் தோன்றி உள்ளத்திலேயே அடங்கும் உணர்ச்சியன்று; நாலு பேரைக் கூட்டாமல் அதைச் செலுத்தவே முடியாது.

கிறித்தவச் சிந்தனையில் நன்றியறிதலைப் பற்றி எழுந்த பெரும்பாலான வினாக்களும் இந்தப் பந்தியைச் சுற்றியே எழுந்தவை. கொடுத்தவர் கடவுள் எனில் கைம்மாறு யாருக்குச் செய்வது, கொடுத்தவர் மனிதர் எனில் பெற்றவர் என்றென்றைக்கும் அவருக்குத் தாழ்ந்து நிற்க வேண்டுமா, பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்னும் மூன்றும் அவற்றுள் தலையானவை. நற்குணங்களின் பட்டியலில் நன்றியையும் ஒன்றாக வைத்துப் போற்றிவிட்டு நகரும் வழக்கமான மறையுரைகள், குறிப்பாக இரண்டாம் வினாவைத் தொடுவதேயில்லை.

முதல் வினாவுக்கு உபாகமத்தின் இருபத்தாறாம் அதிகாரம் நேரான விடையைத் தருகிறது. நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்துக் கொண்டுவரும் உழவர், தம் மூதாதை நாடோடியாய்த் திரிந்ததையும், எகிப்தில் தம் இனம் அடிமைப்பட்டதையும், பின்பு இந்நிலம் தமக்குக் கொடுக்கப்பட்டதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்தபின் நிலமற்ற லேவியரோடும், தம் நடுவே வாழும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும். மூன்றாம் ஆண்டுக்குரிய தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, லேவியரோடு அந்நியருக்கும் தந்தையற்றோருக்கும் கைம்பெண்களுக்கும் உரியதாகிறது. கடவுளுக்கு எதுவும் தேவையில்லை. ஆகவே அவருக்குப் பட்ட கடன் தேவையுள்ளவருக்குக் கைமாற்றி விடப்படுகிறது. திருக்குறளில் செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமும், கைம்மாறு கருதாத மழையை முன்வைத்துத் தொடங்கும் ஒப்புரவறிதலுக்கு வேறோர் அதிகாரமும் தனித்தனியே அமைந்திருப்பதைத் தமிழர் அறிவர். நல்லோர்க்கும் தீயோர்க்கும் ஒருசேரப் பெய்யும் மழையை மலைப்பொழிவில் இயேசு எடுத்துக்காட்டியபோது, அவ்விரண்டு அதிகாரங்களின் பொருளும் ஒன்றாக இணைக்கப்பட்டன என்று கூறலாம். மழையைப் பெற்றவர் செய்யக்கூடிய கைம்மாறு தாமும் பகைவருக்கு நன்மை செய்வதே என்பது அங்கு வரும் முடிபு.

இரண்டாம் வினாவின் கடுமையை உணர, முதல் நூற்றாண்டு ரோமப் பேரரசில் கொடையும் நன்றியும் எவ்வாறு இயங்கின என்பதை அறிய வேண்டும். செல்வர் ஒருவர் எளியவருக்கு நிலமோ பதவியோ பணமோ வழங்க, பெற்றவர் அவருக்கு வாழ்நாள் முழுவதும் மதிப்பும் ஆதரவும் அளிக்கக் கடமைப்பட்டார். ஊருக்குக் குளிப்பகமோ அரங்கமோ கட்டிக் கொடுத்தவரின் பெயர் கல்லில் வெட்டப்பட்டது. தத்துவ ஆசிரியர் செனெக்கா உதவி செய்தலைப் பற்றி ஏழு பகுதிகள் கொண்ட ஒரு நூலே எழுதி, கொடுத்தல், பெறுதல், திருப்பித் தருதல் என்னும் மூன்றும் கைகோத்து வட்டமாய் ஆடும் மூன்று தேவியரைப் போன்றவை என்று விளக்கினார். 1925இல் வெளிவந்த தம் கட்டுரையில் மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சு மானிடவியலார், கைம்மாறு எதிர்பாராத கொடை பழஞ்சமூகங்கள் எவற்றிலும் இல்லை என்றும், ஒவ்வொரு கொடையும் பெற்றவரைக் கட்டிப்போடுகிறது என்றும் வாதிட்டார். இந்தப் பின்னணியில் படித்தால்தான் லூக்கா நற்செய்தியின் சில பகுதிகளின் கூர்மை விளங்கும். திருப்பி அழைக்கக்கூடிய செல்வரையும் உறவினரையும் விட்டு, திருப்பித் தர வழியற்ற ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் விருந்துக்கு அழைக்குமாறு பதினான்காம் அதிகாரத்தில் இயேசு கூறுகிறார். கடைசி இராப்போஜனத்தின்போது, பிற இனத்தாரை அடக்கி ஆளும் அரசர் தம்மைப் புரவலர் என்று அழைத்துக்கொள்வதைச் சுட்டி, சீடரிடையே அம்முறை கூடாது என்று விலக்குகிறார். கொடையின் வழியாக மேலாண்மையைச் சம்பாதிக்கும் வழக்கத்தின் வேரிலேயே இச்சொற்கள் கைவைக்கின்றன.

பவுல் பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதிய கடிதத்தின் இறுதிப் பகுதி இவ்வகையில் வியப்புக்குரியது. சிறையிலிருந்த அவருக்கு எப்பாப்பிரோதீத்து என்பவர் வழியாக அச்சபையார் பொருளுதவி அனுப்பியிருந்தனர். அதைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்கும் பவுல், தமக்குக் குறைவிலும் நிறைவிலும் மனநிறைவோடு இருக்கத் தெரியும் என்கிறார். கொடுக்கல் வாங்கல் கணக்கு எழுதுவோர் கையாளும் சொற்களைப் பயன்படுத்துகிறார். வந்த பொருள் கடவுளுக்கு உகந்த நறுமணப் பலி என்கிறார். அவர்களுடைய குறையைத் தம் கடவுள் நிறைவாக்குவார் என்றும் உறுதியளிக்கிறார். எல்லாம் சொல்லியும், உங்களுக்கு நன்றி என்று மட்டும் நேராக அவர் சொல்லவில்லை. ஆய்வாளர் பலர் இதை நன்றியில்லாத நன்றியுரை என்று குறிப்பதுண்டு. நாகரிகக் குறைவு என்று இதை ஒதுக்கிவிட இயலாது. தமக்குக் கொடுத்தவர்களைத் தம் புரவலராக ஏற்றுக்கொள்ள மறுத்து, இருதரப்புக்கும் மேலான மூன்றாமவர் ஒருவரைக் கணக்குக்குள் கொண்டுவந்து, தம்மையும் அவர்களையும் ஒரே தட்டில் நிறுத்துவதே அவர் செய்த வேலை. எருசலேமிலிருந்த வறியோருக்காக அவர் கொரிந்துச் சபையில் நிதி திரட்டியபோதும், அந்நிதியின் விளைவாக நன்றி கடவுளுக்கே பெருகும் என்று எழுதினாரேயன்றி, எருசலேமார் கொரிந்தியருக்குக் கடமைப்படுவர் என்று எழுதவில்லை.

இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் பார்க்ளே, 2015இல் வெளிவந்த தம் விரிவான நூலில், பவுல் பேசும் கிருபை, அதாவது கடவுளின் தகுதி பாராத கொடை, பெறுபவரின் தகுதியைப் பார்த்து வருவதன்று எனினும் பதிலை எதிர்பாராததும் அன்று என்று காட்டினார். கொடை என்றால் எந்தப் பதிலும் கூடாது என்னும் எண்ணம் பிற்காலத்து ஐரோப்பியச் சிந்தனையில் வலுப்பெற்றது; பவுலுக்கு அது புதுமையாகவே தோன்றியிருக்கும். பார்க்ளேயின் கருத்தை ஏற்றால், பெற்றவர் கொடுத்தவருக்கே திருப்பித் தரும் பழைய வட்டம் உடைந்து, பெற்றவர் அடுத்தவருக்குக் கொடுக்கும் தொடராக மாறுகிறது என்னும் முடிவுக்கு வரலாம். நன்றியும் இங்கு அழிந்துவிடவில்லை. அதன் முகவரி மட்டும் மாறிவிடுகிறது.

நன்றியின் பெயரால் நேரும் கேட்டையும் புதிய ஏற்பாடு மறைக்கவில்லை. லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தின் உவமையில், கோவிலில் நின்று நன்றி கூறிச் செபிப்பவன் பரிசேயன். தான் மற்றவர்களைப் போல இல்லை என்பதே அவன் நன்றிக்குக் காரணம். பின்னால் நின்ற வரிதண்டுபவனோ இரக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறான். இயேசு நல்லவன் என்று தீர்ப்பளித்தது நன்றி சொல்லாதவனையே. பட்டினி கிடப்போரின் படத்தைப் பார்த்துத் தம் நிலைக்காகக் கடவுளைத் துதிக்குமாறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஞாயிறுபள்ளிப் பாடங்கள், அறியாமலே அந்தப் பரிசேயனின் செபத்தைத்தான் கற்பிக்கின்றன.

துன்பத்தில் இருப்பவரிடம் நன்றியைக் கேட்டு வாங்குவதும் இதைப் போன்ற கேடே. யோபு தன் பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்தவுடன் கடவுளின் பெயரைத் துதித்தது முதல் அதிகாரத்திலேயே முடிந்துவிடுகிறது. மூன்றாம் அதிகாரம் தொடங்கி அவன் தான் பிறந்த நாளைச் சபித்து, கடவுளை வழக்குக்கு அழைக்கிறான். முடிவில் கடவுள் கடிந்துகொள்வது அவனையன்று, அவனுக்குப் பக்தி நெறி போதித்த நண்பரையே. சங்கீதங்களில் புலம்பல் வகையைச் சேர்ந்தவை மிகப் பல. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதில் நன்றிக்கு இடமேயில்லை. ஆயினும் அது திருச்சபையின் செபநூலிலிருந்து நீக்கப்படவில்லை. ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் ஐலன்பர்க் நகரில் குருவாயிருந்த மார்ட்டின் ரிங்கார்ட் (1586–1649) எழுதிய நன்றிப் பாடல் உலகெங்கும் பாடப்படுகிறது. முப்பதாண்டுப் போரின் நடுவே 1637இல் அந்நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை அவர் அடக்கம் செய்ய நேர்ந்தது. அவர்களுள் ஒருவர் அவருடைய மனைவி. அந்தச் சாவுகளின் நடுவிலேயே இப்பாடல் பிறந்தது என்று மேடைகளில் சொல்லப்படுவது கேட்க உருக்கமாக இருந்தாலும், பாடல் பெரும்பாலும் கொள்ளைநோய்க்கு முந்தியது என்பதே ஆய்வாளர் முடிவு. தம் வீட்டார் உணவு வேளையில் பாடுவதற்காக எழுதிய சிறு மேசைச் செபம் அது. உண்மைநிலை கட்டுக்கதையைவிடக் கனமானது: பிணக்குழிகளின் ஓரத்தில் நின்று அவர் துதி பாடவில்லை, சோறு இருந்த நாளில் சோற்றுக்காகப் பாடினார், அவ்வளவே.

கிறித்தவ வழிபாட்டின் நடுநாயகமான சடங்கு, சீர்திருத்தச் சபையாரால் திருவிருந்து என்றும் கத்தோலிக்கரால் நற்கருணை என்றும் வழங்கப்படுவது, தொடக்கத்திலிருந்தே நன்றிச் செபமாக அமைந்தது. 1873இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் பிலோதேயு பிரையன்னியு என்னும் ஆயர் கண்டெடுத்த திதாக்கே என்னும் பழஞ்சுவடி, கிண்ணத்துக்கு முதலிலும் அப்பத்துக்கு அடுத்தும் சொல்ல வேண்டிய நன்றிச் செபங்களைத் தருகிறது. கி.பி. 155 அளவில் ரோமப் பேரரசனுக்கு விண்ணப்பமாக எழுதிய நூலில் ஜஸ்டின் என்னும் அறிஞர், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் தம்மால் இயன்ற அளவு நன்றி கூறிச் செபித்தபின், அப்பமும் இரசமும் வந்தோருக்குப் பகிரப்படுவதையும், வராதோருக்கு உதவிக்காரர் எடுத்துச் செல்வதையும், வசதியுள்ளோர் விரும்பிய அளவு தரும் பொருளைத் தலைவர் வாங்கி அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையிலிருப்போருக்கும் வந்தேறிய அயலாருக்கும் செலவிடுவதையும் வரிசையாகக் கூறுகிறார். நன்றிச் செபமும் நிவாரணக் கணக்கும் அவர் எழுத்தில் ஒரே மூச்சில் வருகின்றன. அதற்கு நூறாண்டுக்கு முன்பே கொரிந்துச் சபையில் செல்வர் முந்தி உண்டு குடிக்க, உழைத்துவிட்டுப் பிந்தி வந்த எளியோர் பசியோடிருந்ததைக் கேள்வியுற்ற பவுல், அவர்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்று முகத்திலடித்தாற்போல் எழுதினார்.

அந்தப் பந்தித் தகராறு தமிழ்நாட்டுச் சபைகளுக்கும் புதிதன்று. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி வட்டாரங்களில் அறுப்பின் பண்டிகை எனப்படும் அறுவடை நன்றி வழிபாட்டுக்கு நெல், வாழைத்தார், பூசணி, தேங்காய், கருப்பட்டி, முட்டை, சேவல், ஆட்டுக்குட்டி என அவரவர் விளைவித்ததும் வளர்த்ததும் பீடத்தின் முன் வந்து குவியும். ஆராதனை முடிந்தபின் கோவில் வளாகத்தில் அவை ஏலத்துக்கு வரும். ஒற்றைத் தேங்காய் சந்தை விலையைப்போல் பன்மடங்குக்குப் போவதும், எடுத்தவர் அதையே திரும்பவும் ஏலத்துக்கு விடுவதும் அங்கு வழக்கம். அசனம் என்னும் பொதுப்பந்தியில் ஊரார் உட்கார்ந்து உண்பர். ஏலத்தில் கூவப்படும் பெயர்களும், கோவில் சுவரில் பதியும் நன்கொடையாளர் கல்வெட்டுகளும் ரோமப் புரவலரின் வழக்கத்தையே நினைவூட்டுகின்றன என்று கூறுவது மிகையாகாது. அவற்றோடு ஒப்பிட்டால், வீடுதோறும் பெண்கள் உலையில் அரிசி இடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசி வழக்கத்தில் கூவல் ஏதுமில்லை. மிசோரமில் 1910இல் தொடங்கிய இதே வழக்கம், அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் சபையின் வருவாயில் இன்றும் குறிப்பிடத்தக்க பங்கை வகிக்கிறது.

தஞ்சைச் சபையின் வரலாறு இந்தப் பந்தித் தகராற்றின் மறுபக்கம். மிஷனரியாகிய ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் பயின்று, எண்ணற்ற துதிப்பாடல்களைத் தமிழுக்குத் தந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), கோவிலில் சாதி பாராமல் கலந்து உட்காரச் செய்ய முயன்ற இளைய மிஷனரிகளை எதிர்த்து, வேளாளர் தரப்பில் நின்று எழுதினார். 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைகளிலிருந்து முற்றாக நீக்குமாறு கட்டளையிட்டபோது தஞ்சையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. கடவுள் தந்த நன்மைகளை அத்தனை இனிமையாகப் பாடியவருக்கு, அந்நன்மைகளைப் பெற்ற மற்றவரோடு ஒரே பாயில் உட்காருவது இயலாமற் போயிற்று. மிஷனரிகள் நடந்துகொண்ட முறையில் அதிகாரத் தோரணை இருந்தது உண்மையே. ஆனால் அது சாஸ்திரியாரின் நிலைப்பாட்டை நியாயமாக்கிவிடாது.

மிஷனரிகளின் தோரணையைப் பற்றிப் பேச வேண்டியதை அவர்கள் முகத்துக்கு நேராகவே பேசியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா (1874–1945). வெள்ளாளன்விளையில் குருவின் மகனாகப் பிறந்த அவர், 1910 ஜூன் மாதம் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில் உரையாற்றினார். மிஷனரிகளின் தியாகத்தை இந்தியத் திருச்சபை வரும் காலமெல்லாம் நன்றியோடு போற்றும் என்று அவர் மனமாரச் சொன்னார். சொல்லிய கையோடு, பொருளையும் உடலையும் கொடுத்தவர்களிடம் அன்பையும் கேட்பதாகவும், தங்களுக்கு வேண்டியவர்கள் நண்பர்களே என்றும் கூறி முடித்தார். கைகுலுக்கலும் நாற்காலியும் தேநீரும் விருந்தும் வெறும் மரியாதைக்காகத் தமக்கு வேண்டியதில்லை என்றும், நட்பின் வெளிப்பாடாக அமையுமாயின் அவை அனைத்தும் வேண்டும் என்றும் அவ்வுரையில் அவர் தெளிவுபடுத்தினார். அவையில் பலர் இதை நன்றிகெட்ட பேச்சாகவே எண்ணினர். கொடுத்தவரைப் புரவலர் பீடத்திலிருந்து இறக்கி நண்பராக்க முயல்வதும் நன்றியின் ஒரு வடிவமே என்பதை அவர்களால் காண இயலவில்லை. பிலிப்பியருக்கு எழுதிய பவுலின் கடிதத்தை அவர்கள் பலமுறை படித்திருப்பார்கள்.

எடின்பரோவுக்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 1903இல், அசரியாவும் அவருடைய தோழரும் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தை நிறுவியிருந்தனர். வெளிநாட்டுப் பணத்தைத் தொடாமல், திருநெல்வேலிச் சபையார் கொடுப்பதைக் கொண்டே, நிஜாம் ஆட்சிக்குட்பட்ட தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு அச்சங்கம் ஊழியரை அனுப்பியது. ஐரோப்பாவிலிருந்து பெற்றதை ஐரோப்பாவுக்குத் திருப்பாமல் தெலுங்கருக்குக் கொண்டு சேர்த்தது நன்றியின் தொடர்ச்சி எனில், அதனால் ஒரு புதிய சிக்கலும் உடன் வந்தது: பெற்றவராயிருந்த தமிழர் அங்குக் கொடுப்பவராயினர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயராக அருட்பொழிவு பெற்ற அசரியா, திருமுழுக்குப் பெறும் ஒவ்வொருவரையும் அதே நொடியில் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியை அறிவிக்காமற்போனால் தமக்குக் கேடு என்னும் கருத்துள்ள பவுலின் கூற்றைச் சொல்லச் செய்தார். பெற்றவர் பெற்றவராகவே நின்றுவிடாமல் கொடுப்பவராகிவிட இது வழி செய்தது. எளிதில் தீராமற்போனது பந்தி. அங்குத் திருமுழுக்குப் பெற்றோரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் இரு ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊரார் இருவரையுமே ஒதுக்கிவைத்திருந்தும், ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைப்பதில்லை. ஒரே கிண்ணத்தில் திருவிருந்து அருந்த இசைந்த பின்னும், வீட்டுச் சோற்றைச் சேர்ந்து உண்ண அவர்கள் தயங்கினர். அந்தத் தயக்கத்தோடு போராடுவது அவருடைய ஆயர் பணியின் ஒரு பகுதியாகவே இருந்துவந்தது.